பைதன்: குளத்து நீர்மட்டத்தில ஆகக்கூடியதைக் கேட்டால் பிழையான விடை வருது

வட்டக்கச்சிப் பிள்ளை:
வணக்கம். கம்பஸ் முதலாம் வருசம். ஏ.எல். பயோ செய்தனான், புரோகிராமிங் இப்பதான் முதல்முதலாப் படிக்கிறன். ஊரில கிடைக்கிற தரவு ஒண்டை எடுத்து ஆகக்கூடினதும் சராசரியும் கண்டுபிடிக்கச் சொல்லி அசைன்மென்ட். நான் கிளிநொச்சி இரணைமடுக் குளத்து நீர்மட்டத்தை எடுத்தன். கீழ இருக்கிறது சோதிச்சுப் பாக்க நானாப் போட்ட இலக்கங்கள், உண்மையான அளவு இல்லை.

9.8, 17.4, 33.9, 33.10, 33.11

இன்புட்டில வாங்கி லிஸ்டில சேத்து மாக்ஸ் போட்டால் 9.8 எண்டு வருது! சராசரிக்கு சம் போட்டால் டைப் எரர். நாளண்டைக்குக் குடுக்கோணும், ஆராவது சொல்லுங்கோ.

மாங்குளச் சந்தி:
இன்புட் தாறது எப்பவும் ஸ்ட்ரிங்தான் (எழுத்துத் தொடர்), இலக்கத்தை அடிச்சாலும். ஸ்ட்ரிங்கை பைதன் முதல் எழுத்திலயிருந்து ஒப்பிடும். 9, 3-ஐ விடப் பெரிசு. அதோட முடிவு, மிச்சத்தைப் பாக்காது. இன்புட்டைச் சுத்தி ஃப்ளோட் (தசம எண்ணா மாத்திறது) போடுங்கோ, சரிவரும்.

வட்டக்கச்சிப் பிள்ளை:
நன்றி அண்ணா, எரர் இப்ப வரேல்லை. இப்ப மாக்ஸ் 33.9, சராசரி 25.462. ஆனா லிஸ்டைப் பிரிண்ட் பண்ணினால் 33.10 இருந்த இடத்தில 33.1 நிக்குது. 33.11 தானே ஆகக்கூட வரோணும்?

மாங்குளச் சந்தி:
33.11-ஐ விட 33.9 பெரிசுதானே தங்கச்சி. விடை சரி, குடுங்கோ.

பழைய நீர்ப்பாசனம்:
தம்பி, பொறுங்கோ. பிள்ளை எழுதியிருக்கிறது அடியும் அங்குலமும். புள்ளிக்குப் பின்னால இருக்கிறது தசமம் இல்லை. குளத்தில 35 அடி 11 அங்குலத்துக்கு அடுத்தது 36 அடி. இரணைமடுவின்ர முழு மட்டமும் அந்த 36 தான். உங்கட கணக்கில 33 அடி 1 அங்குலமும் 33 அடி 10 அங்குலமும் ஒண்டாப் போச்சு. மழை நாளில அந்த 9 அங்குலம் எவ்வளவு தண்ணி எண்டு குளக்கட்டில நிண்டவனைக் கேளுங்கோ.

அறிவியல்நகர் அக்கா:
ஐயா சொன்னதுதான் சரி. கோட் ஓடுது, எரரும் இல்லை, விடை மட்டும் பிழை. இப்பிடியான பிழைதான் ஆகக் கரைச்சல், சிவப்பு எழுத்து வந்து காட்டாது.

ஃப்ளோட்டா மாத்தின பிறகு திருத்தேலாது, அந்த 0 அங்கேயே துலைஞ்சிடும். ஸ்ட்ரிங்கா இருக்கேக்கையே புள்ளியில ஸ்ப்ளிட் பண்ணி, ரெண்டு துண்டையும் இன்ட் (முழு எண்) ஆக்கி, எல்லாத்தையும் அங்குலத்துக்குக் கொண்டுவாங்கோ:

மொத்தம் = அடி * 12 + அங்குலம்

(பைதன் 3 தமிழ் வேரியபிள் பேரையும் ஏற்கும், இப்பிடியே எழுதலாம்.) அப்ப உங்கட லிஸ்ட் 116, 208, 405, 406, 407. மாக்ஸ் 407. அதை // 12 (மிச்சத்தை விட்டு வகுக்கிறது) போட்டால் 33 அடி, % 12 (மிச்சம் மட்டும்) போட்டால் 11 அங்குலம். கூட்டினால் 1542, சராசரி 308.4 அங்குலம், அதாவது 25 அடி 8.4 அங்குலம். 25.462-ஐயும் இதையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. கிட்டக்கிட்ட இருக்கிறதாலதான் ஆரும் சந்தேகப்படமாட்டினம்.

பழைய நீர்ப்பாசனம்:
இன்னொண்டு. சிறுபோக (கோடைகாலப் பயிர்ச்செய்கை) கூட்டத்தில எத்தினை ஏக்கர் விதைக்கிறது எண்டு முடிவெடுக்கிறது அடியை மட்டும் வைச்சில்லை, ஏக்கர் அடியில (ஒரு ஏக்கரில ஒரு அடி உயரத்துக்கு நிக்கிற தண்ணிதான் ஒரு ஏக்கர் அடி) தண்ணி எவ்வளவு எண்டு பாத்துத்தான். குளம் மேல போகப் போக விரியும், மேல் ஒரு அடி கீழ் ஒரு அடியை விடக் கனக்கத் தண்ணி பிடிக்கும். அறிக்கையில "சராசரி நீர் இருப்பு" எண்டு எழுதிப்போடாதேங்கோ பிள்ளை, "சராசரி நீர்மட்டம்" எண்டு எழுதுங்கோ.

வட்டக்கச்சிப் பிள்ளை:
நன்றி ஐயா, தலைப்பை மாத்தீட்டன். அக்கா, 407 சரியா வருது. ஆனா 36 எண்டு மட்டும் அடிச்சால் "லிஸ்ட் இன்டெக்ஸ் அவுட் ஒஃப் ரேஞ்ச்" எண்டு நிக்குது.

அறிவியல்நகர் அக்கா:
புள்ளி இல்லாட்டி ஸ்ப்ளிட் ஒரு துண்டுதான் தரும், ரெண்டாவதைக் கேட்டால் எங்க இருக்கும்? 36.0 எண்டு அடிக்கலாம்.

மாங்குளச் சந்தி:
அதைவிட அடிக்கு ஒரு இன்புட், அங்குலத்துக்கு ஒரு இன்புட் எண்டு தனித்தனியாக் கேக்கிறது நல்லம். ஸ்ப்ளிட்டே தேவையில்லை. அங்குலம் 11-க்கு மேல வந்தால் திரும்பக் கேக்கிற மாதிரி ஒரு வைல் லூப்பும் போட்டுவிடுங்கோ.