ஒயர் சொருகினா கண்ட்ரி புளூஸ் செத்துடுமா? (ஹூக்கர் ரசிகர்கள் உள்ளே வரவும்)

வால்வு ஆம்ப்:
கண்ட்ரி புளூஸ்ங்கறது அமெரிக்காவோட தெற்கத்திக் கிராமத்துக் கறுப்பின மக்களோட கிட்டார் பாட்டு. அதைப் பத்தி நேத்து நம்ம டெல்டா பித்தன் சார் ஒரு அருள்வாக்கு சொல்லியிருந்தார். "கிட்டார்ல ஒயர் சொருகின நிமிஷமே கண்ட்ரி புளூஸ் செத்துப்போச்சு. சந்தேகம்னா 1959-ல புளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் ரிவர்சைடு ரெக்கார்டு கம்பெனிக்குப் போட்ட எல்பியைக் கேளுங்க. அகூஸ்டிக்கை (ஒயர் இல்லாத கிட்டாரை) எடுத்ததும் மனுஷன் வீட்டுக்குத் திரும்பிட்டார்."

வீட்டுக்குத் திரும்பினாராம்! 1948-ல டெட்ராய்ட்ல 'பூகி சில்லன்' பதிவு பண்ணப்ப என்ன இருந்துச்சு? ஒரு எலக்ட்ரிக் கிட்டார், ஒரு குரல், பலகையில தட்டற ஒரு கால். டிரம்ஸ் இல்ல, பேஸ் இல்ல. அடுத்த வருஷம் ஆர் அண்ட் பி பட்டியல்ல முதலிடம். வாங்கிக் கேட்டது கறுப்பின மக்கள். 1959-ல ரிவர்சைடுக்கு வேண்டியது காபி குடிச்சுக்கிட்டே நாட்டுப்புறப் பாட்டு கேக்கற வெள்ளைக்காரக் கூட்டம். அகூஸ்டிக்ல வாசிக்கச் சொன்னாங்க, வாசிச்சார். அட்டையில 'கண்ட்ரி புளூஸ்'னு அச்சடிச்சு வித்தாங்க. இதுல வீடு எங்க சார் வந்துச்சு?

டெல்டா பித்தன்:
தம்பி, காலங்காத்தால என் பேரைச் சொல்லித்தான் கடை திறக்கணுமா? ஹூக்கருக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தது அவங்க அம்மாவோட ரெண்டாவது வீட்டுக்காரர் வில் மூர். மிசிசிப்பியில, கிளார்க்ஸ்டேல் பக்கம். அங்க எந்த ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கற பெட்டி) இருந்துச்சு? சின்ன வயசுல பழகின கையை 1959-ல திரும்ப எடுத்தார். யாரும் திணிக்கல. அப்புறம் அந்த 'பூகி சில்லன்' பாட்டே டெட்ராய்ட் ஹேஸ்டிங்ஸ் தெருவைப் பத்தினது. கார் ஆலையில கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்த மனுஷன் பாடின பட்டணத்துப் பாட்டு. அதைக் கொண்டாந்து கண்ட்ரின்னா சிரிக்க மாட்டாங்களா?

வால்வு ஆம்ப்:
வாசிக்கச் சொன்னாங்க சார். சொன்னாங்க. அதைத் தாண்டாதீங்க.

ஓபன் ஜி:
பித்தன் அண்ணே, ஹூக்கரை விடுங்க. லைட்னின் ஹாப்கின்ஸ் கதையும் அதேதானே? 1954-ல ஹெரால்டு கம்பெனிக்குப் பதிவு பண்ணினது எல்லாம் எலக்ட்ரிக். ஸ்பீக்கர் கிழியற சத்தம். 1959-ல புளூஸ் ஆய்வாளர் சாமுவேல் சார்ட்டர்ஸ் ஹூஸ்டனுக்குத் தேடிப்போய் அவரைக் கண்டுபிடிச்சு, அகூஸ்டிக்ல வாசிக்க வெச்சு எடுத்தார். அதைக் கேட்டுட்டுத்தான் ஊரெல்லாம் 'அசல் ஹாப்கின்ஸ்'னு கொண்டாடுச்சு. ரெண்டு எல்பியும் ஒரே வருஷம்ங்கறதைக் கவனிங்க.

டெல்டா பித்தன்:
ஹாப்கின்ஸ் டெக்சஸ். நான் பேசறது மிசிசிப்பி டெல்டா. ராபர்ட் ஜான்சன் 1936-லயும் 1937-லயும் பதிவு பண்ணினாரே, அந்தப் பாட்டுல எங்கயாவது கரண்டு சத்தம் கேக்குதா?

வால்வு ஆம்ப்:
டெல்டா பேசறவர் டெக்சஸ்ல பதிவான பாட்டை உதாரணம் காட்றார். சான் அன்டோனியோவும் டல்லஸும் எந்த மாநிலம் சார்? போகட்டும். கிப்சன் தன் முதல் எலக்ட்ரிக் ஸ்பானிஷ் கிட்டார் ஈஎஸ்-150 விக்க ஆரம்பிச்சதே 1936-ல. ஜான்சன் 1938-ல போய்ச் சேர்ந்துட்டார். இருந்திருந்தா என்ன வாசிச்சிருப்பார்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா அவர்கிட்டயே கத்துக்கிட்ட ராபர்ட் லாக்வுட் என்ன பண்ணினார்? 1941-ல ஆர்கன்சா மாநிலம் ஹெலினாவுல 'கிங் பிஸ்கட்' ரேடியோ நிகழ்ச்சியில எலக்ட்ரிக் வாசிச்சார். ஹெலினா என்ன, எலக்ட்ரிக் புளூஸுக்குப் பேர்போன சிகாகோ பக்கத்துலயா இருக்கு? ஆத்துக்கு அந்தப் பக்கம் மிசிசிப்பி. பருத்திக்காட்டு ஜனம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அதைத்தான் கேட்டுச்சு.

அதுக்கும் முன்னாடியே கிட்டார் சத்தம் பத்தலைங்கற புலம்பல் இருந்துச்சு. 1927-ல நேஷனல் கம்பெனி உலோக ரெசனேட்டர் கிட்டார் (உள்ள இருக்கற உலோகக் கூம்பால சத்தம் கூட்டறது) கொண்டாந்தது எதுக்கு? அழகுக்கா? ஜனம் ஆடற ஜூக் ஜாயின்ட்ல மரக்கிட்டார் யார் காதுக்கு எட்டும்? மிசிசிப்பி புளூஸ்காரர் புக்கா ஒயிட் கையில நேஷனல் இருந்தா அசல், அதே காரணத்துக்கு இன்னொருத்தன் ஆம்ப் வாங்கினா துரோகி. நல்ல நியாயம்.

மாதவி ஸ்லைடு:
கண்ட்ரி புளூஸ்னு நீங்க சொல்றது ஊரையா, வாசிக்கற முறையையா, கருவியையா? அதை முதல்ல யாராவது சொல்லிட்டுச் சண்டை போடுங்களேன்.

டெல்டா பித்தன்:
நேஷனல்ல பிளக் இருக்கா? இல்ல. முடிஞ்சது.

ஓபன் ஜி:
பிளக்! மொத்தக் கலையும் ஒரு பிளக்ல நிக்குது 😂

மாதவி ஸ்லைடு:
சரி, என் கேள்வி காத்தோட போச்சு. ஃப்ரெட் மெக்டவலுக்காவது பதில் சொல்லுங்க. மிசிசிப்பி கோமோவுல விவசாயம் பாத்தவர். 1959-ல நாட்டுப்புறப் பாட்டு சேகரிக்கற ஆலன் லோமாக்ஸ் போய்ப் பதிவு பண்ணினப்ப அகூஸ்டிக். பத்து வருஷம் கழிச்சு, 1969-ல, எலக்ட்ரிக்ல ஒரு ஆல்பம். அதோட பேரு 'ஐ டூ நாட் ப்ளே நோ ராக் அண்ட் ரோல்'. அதே ஆள், கம்பி மேல வழுக்கி வாசிக்கற அதே ஸ்லைடு, பாட்டும் அதே மாதிரிதான். நடுவுல எது செத்துச்சு?

டெல்டா பித்தன்:
அவர் ஹில் கண்ட்ரிம்மா, மிசிசிப்பியோட வடக்கு மேட்டுப் பக்கம். டெல்டா இல்ல.

வால்வு ஆம்ப்:
ஹில் 'கண்ட்ரி' கண்ட்ரி இல்லையாம். எழுதி வெச்சுக்கோங்க. அப்ப ஜூனியர் கிம்ப்ரோ? மிசிசிப்பி சுலஹோமாவுல சொந்த ஜூக் ஜாயின்ட் நடத்தி எலக்ட்ரிக் வாசிச்ச ஆளு. 1992 ஆல்பம் 'ஆல் நைட் லாங்' கேட்டிருக்கீங்களா? ஒரே கார்டுல சுத்திச் சுத்தி வர்ற இழுவை. சுத்தி இருக்கறது வயக்காடு. அது பட்டணத்துப் பாட்டா? சாருக்கு ஊர் வேணும்னா ஊர், கருவி வேணும்னா கருவி. எது அப்போதைக்கு வசதியோ அது.

திரும்ப ஹூக்கருக்கு வரேன். வாசிக்கச் சொன்னாங்க.

டெல்டா பித்தன்:
யூடியூப் பாத்துட்டு வந்து எனக்கு வகுப்பு எடுக்காதீங்க. நீங்க சொன்னதைக் கேட்டு ஆம்ப் வாங்கி ரெண்டே மாசத்துல வால்வு (ஆம்ப் உள்ள இருக்கற கண்ணாடிக் குழாய்) போனவங்க இங்க எத்தனை பேருன்னு கேட்டுப் பாருங்க.

ஓபன் ஜி:
நானும் ஒருத்தன் 🙋

வால்வு ஆம்ப்:
ஓபன் ஜி, நீங்க ஸ்பீக்கரை மாட்டாமலே ஆம்பை ஆன் பண்ணினீங்க. அதை ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?

ஓபன் ஜி:
மேனுவல்ல இல்லையே.

வால்வு ஆம்ப்:
மேனுவல் நாலாம் பக்கம்! இதோ பாருங்க, நான் இழையை மாத்த விடமாட்டேன். சிகாகோ எலக்ட்ரிக் புளூஸ்காரர் மடி வாட்டர்ஸ் 1958-ல இங்கிலாந்து போனப்ப கிட்டார் அலறுதுன்னு புலம்பினவங்க பித்தன் சாரோட பெரியப்பா பிள்ளைங்கதான். சரின்னு 1963-ல மனுஷன் அகூஸ்டிக் எடுத்துட்டுப் போனார். எலக்ட்ரிக் எங்கன்னு கேட்டாங்க! கேக்கறவன் கற்பனைக்கு வாசிக்கறவன் வேஷம் கட்டணும். ஹூக்கருக்கும் அதேதான்.

டெல்டா பித்தன்:
என் பெரியப்பாவை இழுக்காதீங்க. அவர் கர்நாடக சங்கீதம் தவிர வேற எதையும் கேட்டதில்ல.

புதுக்காது:
அண்ணன்மாரே, அந்த ரிவர்சைடு எல்பி யார்கிட்டயாவது விலைக்கு இருக்கா?

டெல்டா பித்தன்:
என்கிட்ட இருக்கு. ஆம்ப் கோஷ்டிக்குத் தர்றதில்ல.

வால்வு ஆம்ப்:
அதை எதுல சார் போட்டுக் கேக்கறீங்க? டர்ன்டேபிள்ல ஊசிக்கு அப்புறம் என்ன இருக்கு? ஆம்ப்.

டெல்டா பித்தன்:
நான் கேக்கறதுக்கு வெச்சிருக்கேன், வாசிக்கறதுக்கு இல்ல. வில் மூர் சொல்லிக்கொடுத்த கை அது. யாரும் திணிக்கல.

வால்வு ஆம்ப்:
சொன்னாங்க.

டெல்டா பித்தன்:
பக்கத்துல நின்னு பாத்தீங்களா?

வால்வு ஆம்ப்:
நீங்க பாத்தீங்களா? அப்புறம் ஓபன் ஜி, நாலாம் பக்கம் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். படிச்சுட்டு இங்கயே வந்து பதில் சொல்லுங்க.