டூடினோஸ்கோப் கல்ச்சர்ல திரும்பத் திரும்ப சூடோமோனாஸ், எங்க தப்பு பண்றோம்?

வணக்கம், நான் எண்டோஸ்கோப்பி டெக்னீஷியன். எங்க டூடினோஸ்கோப்ல (பித்தநாளம் பாக்குற இஆர்சிபிக்கு வாய் வழியா விடுற ஸ்கோப்) எடுத்த கல்ச்சர், அதாவது கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட், ரெண்டு தடவையும் சூடோமோனாஸ் கிருமின்னு வந்துடுச்சு. கிருமி கொல்ற 2 சதவீத குளுட்டரால்டிஹைட் கரைசல்ல 20 நிமிஷம் டைமர் வச்சு ஊறப்போடுறோம், அதோட வீரியம் பாக்குற ஸ்ட்ரிப் டெஸ்ட்டும் தினமும் பாஸ் ஆகுது, அப்புறம் 45 நிமிஷமா கூட்டியும் பாத்துட்டோம், அதே ரிசல்ட். அடுத்த பேஷண்டுக்குப் போடவே கை வரமாட்டேங்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் (எண்டோ யூனிட் சிஸ்டர்):
தம்பி, முதல்ல அந்த ஸ்கோப்பை எடுத்து தனியா வை, கல்ச்சர் சுத்தமா வர்ற வரைக்கும் யாருக்கும் போடாதீங்க, டாக்டர்கிட்டயும் இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல்லயும் இன்னைக்கே சொல்லிடு. ஊறவைக்கிற நேரத்தைக் கூட்டி பிரயோஜனமே இல்லப்பா. உள்ள அழுக்கு இருந்தா குளுட்டரால்டிஹைட் அதை அப்படியே கெட்டியாக்கி ஒட்ட வச்சிடும், கிருமி அதுக்கு அடியில பத்திரமா இருக்கும். கேஸ் முடிஞ்சு எவ்வளவு நேரத்துல பிரஷ் போடுறீங்க? நுனியில கருவியைத் தூக்கிவிடுற சின்ன நெம்பு இருக்குல்ல, அந்த எலிவேட்டரைத் தூக்கி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை தேய்க்கணும். 2015ல அமெரிக்கால டூடினோஸ்கோப் வழியா ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத சிஆர்இ கிருமி பரவினப்ப அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிச்சதே அந்த எலிவேட்டர் இடுக்கைச் சொல்லித்தான்.

கேட்டவர்:
பெட் பக்கத்துலயே தொடச்சு என்சைம் தண்ணி சக்‌ஷன் பண்ணிடுறோம் அக்கா. ஆனா கேஸ் நெறைய இருக்குற நாள்ல ட்ரேலயே ரெண்டு மணி நேரம் கிடக்கும், உண்மைய சொல்லிடுறேன். கடைசியா அலசுறது குழாய்த் தண்ணிலதான்.

பதில் (மைக்ரோபயாலஜி லேப்):
சூடோமோனாஸ்னா எனக்கு முதல் சந்தேகமே தண்ணி மேலதாங்க, ஈரம் இருந்தா ராத்திரியோட ராத்திரியா பெருகிடும். கடைசி அலசல் ஸ்டெரைல் தண்ணிலயோ ஃபில்டர் பண்ண தண்ணிலயோ இருக்கணும், அப்புறம் 70 சதவீத ஆல்கஹால் விட்டு ஸ்கோப்புக்குள்ள ஓடுற ஒவ்வொரு சேனல்லயும் (சின்னக் குழாய்) குறைஞ்சது 10 நிமிஷம் காத்து அடிங்க, வால்வு எல்லாம் கழட்டிட்டு தொங்கவிடுங்க. ஸ்கோப்புக்குத் தண்ணி விடுற வாட்டர் பாட்டிலையும் தினமும் ஸ்டெரிலைஸ் பண்ணனும், இதை நெறைய பேர் விட்டுடுறாங்க. லீக் டெஸ்ட்டும் ஒவ்வொரு கேஸுக்கும் பண்ணுங்க, உள்ள கீறல் இருந்தா எவ்வளவு கழுவினாலும் போகாது. ஒண்ணு செஞ்சு பாருங்க, கப்போர்டுல தொங்குற ஸ்கோப் நுனியில வெள்ளை காஸ் துணிய புடிச்சுக்கிட்டு சேனல்ல காத்து அடிங்க.

சிஸ்டர்:
ஒரு மணி நேரம் தாண்டிட்டா கம்பெனி மேனுவல்ல லேட்டா கழுவுறதுக்குன்னு தனியா போட்டிருக்கும், அதுபடி ஊறவச்சுட்டுத்தான் பிரஷ் போடணும் தம்பி. என்சைம் கரைசலும் ஒரு ஸ்கோப்புக்கு ஒரு தடவைதான்.

கேட்டவர்:
காலையில காஸ் வச்சு பாத்தேங்க. ரெண்டு நாளா தொங்கிட்டிருந்த ஸ்கோப், மூணு சொட்டு தண்ணி வந்துச்சு, துணியில வட்டமா ஊறிடுச்சு. வாட்டர் பாட்டில் மூடிய கழட்டி விரல் விட்டா உள்பக்கம் வழவழன்னு இருக்கு. ஸ்கோப்பை நிறுத்தியாச்சு, அது போட்ட பேஷண்ட் லிஸ்ட்டையும் டாக்டர் கேட்டு வாங்கிட்டாரு. சர்வீஸ்ல லீக் பாத்து வந்ததும் முழுசா கழுவி காய வச்சு கல்ச்சர் அனுப்புறோம், ரிசல்ட் வந்ததும் இங்கயே போடுறேன்.