ஸ்பிரிங் டெர்ம்: உங்க பிள்ளைங்க ஸ்கூல்ல என்னென்ன நடந்துச்சு?

தேன்சிட்டு, லெஸ்டர்:

பையன் இங்க இங்கிலாந்து ஸ்கூல்ல இயர் டூ, ஆறேழு வயசு வகுப்பு. ஜனவரி முதல் வாரம் ஸ்கூல் திறந்தா ஈஸ்டர் லீவு வரைக்கும் இந்த டெர்ம். நடுவுல பிப்ரவரியில ஒரு வாரம் ஹாஃப் டெர்ம் லீவு. பார்க்கச் சின்ன டெர்ம்தான், ஆனா வாரம் தவறாம ஏதாவது ஒரு கூத்து இருக்கு. பான்கேக் டே, புக் டே, சயின்ஸ் வீக், மே வரைக்கும் பொறுக்காம முன்னாடியே வந்துடற அன்னையர் தினம், ஈஸ்டர் தொப்பி... அவங்கவங்க ஸ்கூல்ல நடந்ததை இங்க எழுதுங்களேன். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்க ஸ்கூல்ல மார்ச் மாசம் கோழிக்குஞ்சு பொரிக்க வெச்சாங்க. இன்குபேட்டரையும் முட்டையையும் வாடகைக்குக் கொண்டுவந்து வகுப்புலயே வெச்சுட்டுப் போறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. முட்டை பொரிய மொத்தம் 21 நாள் ஆகும். இவங்க கொண்டுவர்றது கடைசி ரெண்டு மூணு நாள்ல இருக்கிற முட்டை. திங்கக்கிழமை வந்துச்சுன்னா புதன், வியாழன்ல ஓடு விரிய ஆரம்பிச்சுடும். அன்னிக்குப் பார்த்து நான் பிள்ளைங்க படிக்கிறதைக் கேட்கிற வாலண்டியரா உள்ள இருந்தேன். ஒவ்வொருத்தரா வந்து ரெண்டு பக்கம் வாசிச்சுட்டுப் போகணும். ஒருத்தர் கண்ணும் புத்தகத்துல இல்ல.

ஓட்டுல முதல்ல மிளகு அளவுக்கு ஒரு விரிசல். குஞ்சோட அலகு நுனியில வெள்ளையா ஒரு முள் இருக்கும், அதாலதான் உள்ள இருந்து குத்துது. பொரிச்ச சில நாள்ல அது தானா உதிர்ந்துடுமாம். நாலு குத்து குத்தும், அப்புறம் அசைவே இருக்காது, மறுபடி குத்தும். நாம நினைக்கிற மாதிரி டப்புனு உடைச்சுக்கிட்டு வெளிய வர்றதில்ல, முதல் விரிசல்ல இருந்து அரை நாள், அதுக்கு மேலகூட ஆகுது. "மிஸ், நான் கொஞ்சம் பிரிச்சு விடவா?"ன்னு ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டே இருந்தா. கூடாதுன்னுட்டாங்க. உள்தோல்ல இன்னும் ரத்த ஓட்டம் இருக்கும், நாம பிரிச்சா குஞ்சு செத்துப்போகலாம். இதை டீச்சர் என்கிட்ட மட்டும் மெதுவா சொன்னாங்க. பிள்ளைங்ககிட்ட, "அது தானா வந்தாத்தான் பலம் வரும்" அவ்வளவுதான்.

வெளிய வந்த குஞ்சு நனைஞ்சு, கழுத்து நிக்காம, பார்க்கவே சகிக்கலை. "இதுக்கு உடம்பு சரியில்ல"ன்னு எங்க பையன் தீர்ப்பே சொல்லிட்டான். மறுநாள் காலைல பார்த்தா காய்ஞ்சு புசுபுசுன்னு நிக்குது. பழுப்பா இருக்கிறது பெட்டை, மஞ்சளா இருக்கிறது சேவல். நிறத்தை வெச்சே சொல்லிடற கலப்பு ரகமாம். முதல் ரெண்டு நாள் தீனிகூட வேண்டாம், பொரியறதுக்கு முன்னாடி வயித்துக்குள்ள இழுத்துக்கிட்ட மஞ்சக்கருவே போதும்.

அன்னிக்கு ராத்திரி முட்டை சாப்பிட மாட்டேன்னுட்டான். அப்ப சிக்கன்? "அது பரவாயில்லம்மா, அது வேற கோழி."

ஈஸ்ட்ஹாம் அப்பா:

ரெண்டு வாரம் கழிச்சு அந்தக் குஞ்செல்லாம் எங்க போகும்னு உங்க ஸ்கூல்ல யாராவது கேட்டாங்களா? எங்க பொண்ணு கேட்டா. "பண்ணைக்குப் போய் சந்தோஷமா இருக்கும்"னு பதில் வந்துச்சு. பழுப்புக் குஞ்சு வளர்ந்து முட்டை போடும், சரி. மஞ்சள்? முட்டையும் போடாம கறிக்கும் தேறாத சேவலுக்கு எந்தப் பண்ணைக்காரர் தீனி போட்டுக்கிட்டு இருப்பார்? ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இதைச் சொன்னா ஒண்ணும் ஆகிடாது. சொல்லிக்கொடுக்கறதா இருந்தா முழுசா சொல்லிக்கொடுங்க. இல்லைன்னா தவளை முட்டையோட நிறுத்திக்கோங்க.

தேன்சிட்டு, லெஸ்டர்:

நீங்க எழுதினதைப் படிச்சுட்டு இன்னிக்கு டீச்சர்கிட்டயே கேட்டுட்டேன். அவங்களுக்கும் சரியாத் தெரியலை. கொண்டுவந்தவங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்னாங்க. பார்ப்போம். எனக்கும் மனசு ஒரு மாதிரிதான் ஆச்சு, ஆனா அந்த ரெண்டு நாள் அந்த வகுப்பு இருந்த இருப்பைப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லவும் வாய் வரலை.

கிராய்டன் அக்கா:

நான் ஒரு பிரைமரி ஸ்கூல்ல டி.ஏ.வா, அதாவது வகுப்புல டீச்சருக்கு உதவியாளரா இருக்கேன். ஈஸ்ட்ஹாம் தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. எங்க ஸ்கூல்லயும் இந்தப் பேச்சு வந்துதான் கோழி முட்டையை விட்டுட்டோம். பின்னாடி ஒரு குட்டிக் குளம் இருக்கு. பிப்ரவரி கடைசி, மார்ச் ஆரம்பத்துல ஒருநாள் காலைல போனா தவளை முட்டை மிதக்கும், ஆறிப்போன ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி. நாலஞ்சு வயசு ரிசப்ஷன் வகுப்புப் பிள்ளைங்க பூட்ஸைப் போட்டுக்கிட்டு, ஆளுக்கொரு பூதக்கண்ணாடியோட வரிசையா நிப்பாங்க. அதுல ஒரு கரண்டி மட்டும் எடுத்து வகுப்புத் தொட்டியில விடுவோம். குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்தக் கூடாது, குளோரின் ஆகாது. குளத்துத் தண்ணி, இல்லைன்னா மழைத் தண்ணி. தலைப்பிரட்டை முதல்ல பாசியைத் தின்னும், பின்னங்கால் முளைக்கற சமயத்துல கறி தேடும், கிடைக்கலைன்னா ஒண்ணையொண்ணு கடிக்கும். (இதுவும் சந்தோஷமான பாடம் இல்ல தம்பி!) வளர்ந்ததும் எடுத்த குளத்துலயேதான் விடணும். வேற குளத்துல விட்டா நோய் பரவும்.

இன்னொண்ணு, இதைச் சொல்லத்தான் வந்தேன். கோட்ல பேர் எழுதுங்க. கோட், குல்லா, கையுறை, ரெண்டு பூட்ஸ், எல்லாத்துலயும். எங்க கிளாஸ்ல 30 பிள்ளைங்க, அதுல பாதி பேருக்கு ஒரே கருநீலக் கோட். மணி அடிச்ச அஞ்சு நிமிஷத்துல அத்தனை பேருக்கும் மாட்டி, ஜிப் போட்டு வெளிய அனுப்பணும். "என் பிள்ளை கோட் எனக்குத் தெரியும்"னு சொல்ற அம்மா அங்க இருக்கிறதில்ல, பிள்ளைக்குத் தெரியாது. அதே மாதிரி, மழை நாள்ல வெளிய விடாம வகுப்புலயே விளையாட விடற வெட் ப்ளே ரெண்டு மூணு நாள் சேர்ந்தாப்புல வந்தா, அந்த வாரம் சாயங்காலம் பிள்ளைங்க வீட்ல சுவத்துல ஏறத்தான் செய்வாங்க. நடத்தையைப் பத்திக் கவலைப்படாதீங்க, பூங்காவுல ஓட விடுங்க.

ஹாரோவில இருந்து ஒரு யாழ்ப்பாணத்தான்:

எங்கட மூத்தவ இயர் த்ரீ. நான் புக் டே கதை ஒண்டு சொல்லுறன்.

கனக்க நாடுகளில உலகப் புத்தக நாள் ஏப்ரல் 23. இஞ்ச மார்ச் மாதத்து முதல் வியாழன். ஏப்ரலில வைச்சா ஈஸ்டர் லீவோட முட்டுப்படும் எண்டு முன்னுக்கு எடுத்திட்டினம். பிள்ளையளுக்கு ஒரு பவுண் டோக்கன் குடுப்பினம், அதை வைச்சு ஒரு சின்னப் புத்தகம் எடுக்கலாம். அதை ஒருத்தரும் கதைக்கிறதில்லை, எல்லாற்ற கதையும் உடுப்பைப் பற்றித்தான். சூப்பர் மார்க்கட்டில தொங்கிற மந்திரவாதி உடுப்பு வேண்டாமாம், தனக்கு ஒளவைப்பாட்டி வேணுமாம். தமிழ்ப் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்கு அந்தக் கதையைப் பாடமாக்கினவ.

அம்மம்மாவின்ர வெள்ளைச் சீலையை மடிச்சு ஊக்குக் குத்தி, தலையில பஞ்சு ஒட்டி, மூண்டு குறி விபூதி. தும்புத்தடியின்ர பிடியைக் கழட்டினா கைத்தடி சரி. வாசல்ல நிண்ட தாய்மார் எல்லாரும், ஓநாய்க் கதையில வாற பாட்டியோ எண்டு கேட்டவை. பிள்ளை கூனிக்கொண்டு "நோ" எண்டு மட்டும் சொல்லிக்கொண்டு போறா. பாத்திரத்தை விட்டு இறங்கேல்லை.

பின்னேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரப் போகேக்க டீச்சர் என்னை மறிச்சவ. அசெம்பிளியில இவவைக் கூப்பிட்டு யார் எண்டு கேட்டிருக்கினம். இவ நாவல் மரத்தில இருந்த பெடியன், சுட்ட பழமா சுடாத பழமா எண்டு கேட்டது, பாட்டி மண்ணை ஊதினது எல்லாம் நடிச்சே காட்டியிருக்கிறா. முடிஞ்ச உடன ஒரு பெடியன் கையை உயர்த்திக் கேட்ட கேள்வி: "பிறகு அவ அந்தப் பழத்தைக் கழுவினவவோ, மண்ணோடயே சாப்பிட்டவவோ?" நானும் சின்ன வயசில இருந்து இந்தக் கதையைக் கேக்கிறன், இது எனக்கு ஒருநாளும் தோன்றேல்லை.

பாத்திரம் வாற புத்தகத்தையும் கொண்டுவாங்கோ எண்டு சொல்லியிருந்தவை. எங்களிட்ட இருந்தது தமிழ்ப் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம்தான். அதை வகுப்பில மற்றப் புத்தகங்களோட அடுக்கி வைச்சிருந்தினம், தலைகீழா. பிள்ளை போய்த் திருப்பி வைச்சிட்டு வந்தவ.

மில்டன் கீன்ஸ் வாசி:

எங்களுக்குப் பேரண்ட்ஸ் ஈவினிங் இந்த டெர்ம்லதான். பத்து நிமிஷம், அதுக்கு மேல மணி அடிச்சுடுவாங்க. மாமனார் ஊர்ல இருந்து வந்திருந்தார், நானும் வரேன்னு கிளம்பிட்டார். டீச்சர் ஏழு நிமிஷம் பையன் நண்பர்களோட எப்படிப் பழகறான், எப்படிக் கை தூக்கறான்னு சொன்னாங்க. எழுத்து, வாசிப்பு, கணக்கு மூணும் எதிர்பார்த்த நிலையில இருக்குன்னாங்க. மாமனார் அமைதியா கேட்டுட்டு, "எல்லாம் சரி, எத்தனாவது ரேங்க்?"னார். டீச்சர் என்னைப் பார்க்கறாங்க, நான் என் வீட்டுக்காரரைப் பார்க்கறேன். அதுக்குள்ள மணி.

வெம்பிளி:

ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, இங்கிலாந்துல இருக்கிறவங்களுக்கு. கிறிஸ்துமஸ் லீவோட பொங்கலையும் சேர்த்துப் பார்த்துட்டு வரலாம்னு ஊருக்குப் போய்த் தங்கினா, அது அனுமதி இல்லாத லீவுக் கணக்குல போகும். பத்து ஸ்கூல் வாரத்துக்குள்ள அஞ்சு நாள் அப்படி விட்டாலே அபராதத்துக்கு எடுத்துக்கலாம். 2024 ஆகஸ்ட்ல இருந்து புதுக் கணக்கு: 21 நாளுக்குள்ள கட்டினா 80 பவுண்டு, அதைத் தாண்டினா 28 நாளுக்குள்ள 160. இது ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு. அம்மா அப்பா ரெண்டு பேர், பிள்ளைங்க ரெண்டு பேர்னா 80 நாலு தடவை. அதே பிள்ளைக்கு மூணு வருஷத்துக்குள்ள மறுபடி வந்தா நேரா 160தான். எங்களுக்கு வந்துச்சு, கட்டிட்டோம். டிக்கெட் விலையில மிச்சம் பிடிச்சது இதுல போயிடுச்சு.

திருச்சித் தாத்தா:

பேரனைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் கிழவன் நான். கொண்டுபோய் விடுவதும் அழைத்துவருவதும் என் பொறுப்பு. பேரன் நான்காம் ஆண்டு. ஜூன் மாதம் வாய்ப்பாட்டுத் தேர்வு ஒன்று வைக்கிறார்கள், கணினியில். பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை 25 கேள்விகள், கேள்விக்கு 6 நொடி. அதற்கான பயிற்சி இந்தப் பருவத்தில்தான் மும்முரம். தினமும் காலையில் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

பேரனுக்கு ஏழாம் வாய்ப்பாடு மட்டும் பிடிபடவே இல்லை. விரல் விட்டு எண்ணுவதற்குள் 6 நொடி போய்விடுகிறது. பள்ளிக்கு நடக்கும் வழியில் நான் எங்கள் காலத்து ராகத்தில் ஆரம்பித்தேன்: ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு, நாலேழு இருபத்தெட்டு. முதலில் சிரித்தான். பிறகு அடி எடுத்து வைப்பதற்கு ஏற்றபடி அவனே பாட ஆரம்பித்துவிட்டான். விடையைத் தட்டத்தானே வேண்டும், எந்த மொழியில் நினைத்தால் என்ன? ஐம்பத்தாறு என்று மனத்தில் வந்தால் கை 56ஐத் தட்டிவிடுகிறது. பக்கத்தில் உட்காரும் பையனும் இப்போது "ஏழெட்டு" என்று முணுமுணுக்கிறானாம்.

ஜனவரியில் நான் வந்த புதிதில் நாலு மணிக்கெல்லாம் இருட்டு. வெளியே நின்று காத்திருப்பதே தண்டனையாக இருந்தது. இப்போது பள்ளி விட்ட பிறகும் நல்ல வெயில். பேரன் வீட்டுக்கு வர மறுக்கிறான், நானும் வற்புறுத்துவதில்லை.

ஈஸ்ட்ஹாம் அப்பா:

தாத்தா, ஏழாம் வாய்ப்பாடு முழுசையும் ஒரு ஆடியோவாப் பேசி அனுப்ப முடியுமா? எங்க வீட்லயும் அதே ஏழுதான் பிரச்சினை.

புது அம்மா, ரெடிங்:

சின்னவளுக்கு செப்டம்பர்ல ரிசப்ஷன். ஜனவரி 15 கடைசித் தேதிக்குள்ள விண்ணப்பிச்சாச்சு, எந்த ஸ்கூல்னு ஏப்ரல் 16தான் சொல்வாங்க. இதெல்லாம் படிச்சா இப்பவே மூச்சு முட்டுது. அது போகட்டும், இப்ப அவசரம் பெரியவனுக்கு. வெள்ளிக்கிழமை ஈஸ்டர் தொப்பி ஊர்வலமாம், மெசேஜ் இன்னிக்குத்தான் வந்துச்சு. வீட்ல இருக்கிறது ஒரு வைக்கோல் தொப்பியும், கொலு சமயத்துல வாங்கின பிளாஸ்டிக் பூச்சரமும்தான். இதை வெச்சு ஏதாவது தேறுமா?

கிராய்டன் அக்கா:

தாராளமாத் தேறும். சரத்தைத் தொப்பியைச் சுத்தி நூல் போட்டுத் தைச்சுடுங்க, பசை போட்டா மழை ஈரத்துல கழண்டுடும். முட்டை வெக்கறதா இருந்தா பிளாஸ்டிக் முட்டையா வைங்க, போன தடவை ஒரு பிள்ளை அவிக்காத முட்டையோட வந்து ஹால் முழுக்கத் துடைச்சோம். கனமாப் பண்ணாதீங்க, குழந்தை அதைப் போட்டுக்கிட்டு மூணு சுத்து நடக்கணும். தாடைக்குக் கீழ போடறதுக்கு ஒரு எலாஸ்டிக். உள்பக்கம் பேர்!