கிரியேட்டினின் 'இயல்பு' என்றால் நிராகரிப்பு இல்லை என்று ஆகிவிடுமா?

பொன்னி அம்மா: "சிறுநீரகம் மாற்றிய குழந்தைக்குக் கிரியேட்டினின் இயல்பு எல்லைக்குள் இருக்கும்வரை பயாப்ஸி தேவையில்லை" என்று செங்குன்றன் ஐயா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. என் கணவரின் சிறுநீரகத்தைப் பெற்ற என் மகனுக்கு கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் தசைக் கழிவின் இரத்த அளவு, 0.4-இலிருந்து 0.6 ஆனபோது, ஆய்வக அறிக்கையில் எல்லை மீறியதைக் காட்டும் ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை. பயாப்ஸி செய்து, அதாவது ஊசியால் சிறுநீரகத் திசுவைச் சிறிது எடுத்துப் பார்த்ததில், டி-செல் நிராகரிப்பு, அதாவது உடலின் எதிர்ப்பாற்றல் வெள்ளையணுக்களே புதிய சிறுநீரகத்தைத் தாக்குவது தெரிந்தது.

செங்குன்றன்: நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். உங்கள் மகனின் வயதுக்கு 0.6 இயல்புதான். தண்ணீர் குறைந்தாலும் உயரும். வயிற்றுப்போக்கு வந்தால், நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் இரத்த அளவு கூடி, அதனாலும் உயரும். இதற்கெல்லாம் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து ஊசி குத்துவது என்ன நியாயம்?

வைகறை: ஐயா, அந்த எல்லை யாருக்காக வகுக்கப்பட்டது? சொந்தச் சிறுநீரகம் உள்ள குழந்தைகளுக்காக. பெரியவரின் சிறுநீரகம் சிறு குழந்தையின் உடலில் இருக்கும்போது, அதற்குத் தேவைக்கு மேல் வடிகட்டும் திறன் இருக்கிறது. குழந்தையின் தசையோ குறைவு என்பதால் உருவாகும் கிரியேட்டினினும் குறைவு. ஆகவே திசுவில் அழற்சி பரவிய பிறகும் எண் தாழ்வாகவே நிற்கக்கூடும். ஒப்பிட வேண்டியது அட்டவணையோடு அன்று, அதே குழந்தையின் பழைய எண்ணோடு. 0.4-இலிருந்து 0.6 என்றால் ஐம்பது விழுக்காடு ஏற்றம்.

செங்குன்றன்: ஐம்பது விழுக்காடு என்று சொல்லிப் பெற்றோரைப் பதற வைப்பது எளிது. 0.6 இயல்பு, அவ்வளவுதான்.

நெய்தல்: இருவரும் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள். கொடையாளியின் டி.என்.ஏ. துணுக்குகளை இரத்தத்தில் அளக்கும் சோதனை வந்துவிட்டது; இரத்தத்தில் மிதக்கும் மொத்த டி.என்.ஏ.வில் அது ஒரு விழுக்காட்டுக்கு மேல் போனால் நிராகரிப்பு, ஊசியே வேண்டாம்.

வைகறை: அந்த ஒரு விழுக்காடு, 2017-இல் வெளிவந்த, பெரியவர்களிடம் செய்யப்பட்ட ஆய்விலிருந்து வந்தது. சிறிய உடலில் பெரிய சிறுநீரகம் இருந்தால் விகிதமே மாறும். மேலும், எண் கூடியது டி-செல்லாலா, எதிர்ப்பொருளாலா (ஆன்டிபாடி), மாற்றிய சிறுநீரகத்தைத் தாக்கும் பி.கே. வைரஸாலா என்று அது பிரித்துச் சொல்லாது. நிராகரிப்பென்றால் மெத்தில்பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்பாற்றலை அடக்க வேண்டும், பி.கே. வைரஸ் என்றால் அடக்கும் மருந்தையே குறைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் சிறுநீரகம் போய்விடும். 1991-இல் கனடாவின் பான்ஃப் நகரில் கூடிய வல்லுநர்கள் தொடங்கி வைத்த வகைப்பாடு இன்றும் திசுவைப் பார்த்தே முடிவு சொல்கிறது: சிறுநீரகக் குழாய்ச் சுவரில் லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்கள் நுழைந்திருக்கின்றனவா, இரத்த நுண்குழாய்களில் எதிர்ப்பொருள் தாக்குதலின் தடயமான சி4டி புரதம் படிந்திருக்கிறதா என்று.

செங்குன்றன்: பாடம் நடத்த உங்களை யாரும் அழைக்கவில்லை. சென்ற ஆண்டு மருந்து தவறுவது பற்றிய விவாதத்தில், பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோரைப் பொறுப்பற்றவர்கள் என்று எழுதியவர் நீங்கள்தானே? என் மகளும் அந்த வயதுதான். அதை நான் மறக்கவில்லை.

வைகறை: பொறுப்பற்றவர்கள் என்று நான் எழுதவில்லை. அந்த வயதில் வேளை தவறுவதால் கொடையாளிக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகிறது, டாக்ரோலிமஸ் அளவு ஏறி இறங்குவதைக் கவனியுங்கள் என்றே எழுதினேன்.

பொன்னி அம்மா: மன்னிக்கவும், என் மகனைப் பற்றித் தொடங்கிய பேச்சு எங்கோ போகிறது. ஊசி குத்திய அன்று சிறுநீர் சிவந்து வந்ததைப் பார்த்து நானும் நடுங்கினேன், மறுநாள் தெளிந்துவிட்டது. அந்த ஊசியைத் தவிர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஐயா சொல்லட்டும்.

செங்குன்றன்: சிறுநீர் சிவந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

வைகறை: அம்மா கேட்டதற்கு அது பதில் ஆகாது. 0.4-இலிருந்து 0.6 ஆன குழந்தைக்கு, நீர்ச்சத்தும் மருந்தின் அளவும் சரியாக இருக்கும் நிலையில், நீங்கள் எதைப் பார்த்து நிராகரிப்பு இல்லை என்பீர்கள்?

செங்குன்றன்: 0.6 இயல்பு என்பதைப் பார்த்து.