நற்சான்றுக் கடிதத்துக்கு எந்தச் சொல் பொருந்தும்?

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கடையில் வேலை பார்த்த அக்கா ஒருவர் ஹோட்டல் வேலைக்கு மனுப் போடுகிறார். ஆங்கிலத்தில் நற்சான்றுக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். எழுதும் பொறுப்பு என் தலையில். தீபாவளி நேரத்தில் ஆள் குறைந்தால் கல்லாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே முறுக்கு மாவு பிசையப் போய்விடுவார். அந்தக் குணத்தைத்தான் எழுத வேண்டும்.

‘கோஆப்பரேட்டிவ்’ என்று போடலாமா? லத்தீனில் ‘கோ’ சேர்ந்து, ‘ஓப்பெராரி’ வேலை செய்தல், பொருள் சரிதான். ஆனால் விசாரணைக்கு வந்தவர் போலீசாரிடம் ‘கோஆப்பரேட்டிவாக’ நடந்துகொண்டார் என்றும் எழுதுகிறார்களே! கேட்டதற்கு மறுக்கவில்லை என்ற அளவில் நின்றுவிடுகிறது. பெயர்ச்சொல்லானால் கூட்டுறவுச் சங்கம். மலேசியத் தமிழர்களான நம்மவர்களுக்கு உடனே 1960-இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம்தான் ஞாபகம் வரும், அது வேறு கதை.

‘கம்ப்ளையன்ட்’ (compliant; புகார் என்ற பொருளில் வரும் complaint அல்ல) வேண்டவே வேண்டாம், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுபவர் மாதிரி இருக்கிறது. ‘அக்காமடேட்டிங்’ என்றால் பிறர் வசதிக்காகத் தன் வசதியை விட்டுக்கொடுப்பவர். ‘ஒப்லைஜிங்’ முகம் சுளிக்காமல் உதவுபவர். எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் கொஞ்சம் பழைய வாடை அடிக்கிறதோ?

ஹோட்டலில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவர்கள், ஆங்கில ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்களேன். ‘டீம் பிளேயர்’ என்று எழுதினால் இன்னும் மதிப்பு இருக்கிறதா, படித்துப் படித்துச் சலித்துவிட்டதா? முழு வாக்கியமாகவே எழுதித் தந்தால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமைக்குள் கடிதத்தைக் கொடுக்க வேண்டும்.