ஏர் ஃபில்டருக்குத் தமிழ் வேண்டும்: திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது

அனைவருக்கும் வணக்கம். பொலேரோ பிக்அப் போன்ற டீசல் வண்டி ஓட்டுநர்களுக்கான பராமரிப்புக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வண்டியோடு வரும் காகித ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தோய்த்த பருத்தி ஃபில்டரைப் பொருத்தும் பகுதியில் வந்து நிற்கிறேன். 'காற்று வடிகட்டி' போதுமா? உள்ளே மடித்து வைத்த தாளுக்கு என்ன பெயர்? 'அப்கிரேடு' என்பதற்கு 'மேம்படுத்தல்' என்று வைத்திருக்கிறேன்.
— ம.

> காற்று வடிகட்டி

வடிவது நீர்ப்பொருள். கஞ்சியை வடிக்கலாம், காப்பியை வடிக்கலாம். காற்றை எப்படி ஐயா வடிப்பது? நம்மிடம் 'அரி' இருக்கிறது. நன்னூலார் கடைமாணாக்கனுக்கு உவமையாக்கிய 'நெய்யரி'யை நினைத்துப் பாருங்கள். பன்னாடைதான் அது. நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். மாணவனுக்கு அது இழுக்கு, எஞ்சினுக்கு அதுவே தேவை. ஆகவே 'காற்றரி'. அரிவாள், அரிவாள்மணை, அரிப்பு எல்லாம் ஒரு வேர்தானா என்று நான்கு பக்கக் குறிப்பு எழுதியிருக்கிறேன். கேட்பவர்களுக்கு அனுப்புவேன்.
— புலவர்

புலவர் ஐயாவுக்கு வணக்கம். காற்று மண்ணை அரிப்பதைப் புவியியல் வகுப்பில் படித்துவிட்டு வரும் மாணவன், 'காற்றரி' என்றதும் ஃபில்டர் அரித்துப்போய்விட்டது என்றே நினைப்பான். பொறியியல்படியும் 'அரி' முழுமையாகப் பொருந்தாது. தாளின் துளையைவிட நுண்ணிய தூசியும் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கிறது; அது சல்லடை வேலை அன்று. பழைய ஜீப்பிலும் டிராக்டரிலும் 'ஆயில் பாத்' இருந்தது. கிண்ணத்து எண்ணெய்க்கு மேலே காற்று சட்டெனத் திரும்பும்போது தூசி எண்ணெயில் சிக்கிவிடும். அங்கே வடித்தலும் இல்லை, அரித்தலும் இல்லை. பட்டறைப் பெரியவர்கள் இன்றும் 'ஏர் கிளீனர்' என்பது அந்தக் காலத்து வழக்குதான்.
— தொழிற்பயிற்சி ஆசிரியர்

எங்கள் பாடநூல்களில் காற்றுக்கு 'வளி' என்றே எழுதுகிறோம். 'வளிவடி' என்றால் நான்கே எழுத்து. வளியை ஏவல்கொண்டு கலம் செலுத்தியவர் வழிவந்தவன் என்று கரிகாலனை வெண்ணிக் குயத்தியார் பாடவில்லையா? (புறநானூறு 66.)
— யாழ்ப்பாணத்திலிருந்து

பாடினார், அண்ணா. ஆனால் தமிழ்நாட்டு ஓட்டுநர் அதை 'வழிவடி' என்று படித்துவிட்டு, எந்த வழி என்று கேட்பார். மடித்த தாளுக்குக் 'கொசுவத்தாள்' என்று வையுங்கள். புடவைக் கொசுவம் எல்லோருக்கும் தெரியும். சிறிய பெட்டிக்குள் பெரிய பரப்பை அடக்கத்தான் அப்படி மடிக்கிறார்கள்.
— செ.

> மேம்படுத்தல்

பெயரை விடுங்கள், இந்தச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது. டீசல் எஞ்சினில் விசையைத் தீர்மானிப்பது பீய்ச்சும் டீசலின் அளவு. காற்று பொதுவாகத் தேவைக்கு மேலேயே உள்ளே போகிறது, டர்போவும் அழுத்தித் தள்ளுகிறது. அடைபடாத காகித ஃபில்டரை எடுத்துவிட்டுப் பருத்தியைப் போட்டதால் மட்டும் இழுவை கூடிவிடாது. காற்று எளிதாகப் போகும் இடத்தில் நுண்தூசியும் எளிதாகப் போகலாம். அது டர்போ இதழ்களையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்க்கும். பருத்தி ஃபில்டரைக் கழுவிய பிறகு எண்ணெயை அதிகமாக விட்டால் காற்றோட்ட உணரியிலும் படியக்கூடும். விற்பவரிடம் காற்று வடிகட்டிகளுக்கான ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவைக் கேளுங்கள். எங்கள் மேஸ்திரி அதற்கும் காத்திருக்க மாட்டார். ஃபில்டருக்கு அப்பால் இருக்கும் குழாயில் விரலை விட்டுத் துடைத்துப் பார்ப்பார். விரலில் மண் வந்தால், ஃபில்டர் எதுவாயிருந்தாலும், ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லை அல்லது ஃபில்டரே மண்ணை உள்ளே விடுகிறது என்று பொருள். 'மாற்று வடிகட்டி' என்று எழுதுங்கள். மேம்பாடா இல்லையா என்பதை வண்டி சொல்லட்டும்.
— ரா.

மூலத்தில் 'அப்கிரேடு' என்று இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர் அதைத் திருத்தலாமா? இது வேறு உரையாடல் இழைக்கான கேள்வி என்பது தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.
— செ.

எல்லோருக்கும் நன்றி. 'காற்று வடிகட்டி' என்றே போகிறது. பெரும்பான்மை வழக்கும் அதுதான், எனக்கும் நேரமில்லை. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'ஏர் ஃபில்டர்' என்று சேர்த்திருக்கிறேன். 'மேம்படுத்தல்' தலைப்பில் மட்டும் நிற்கும், உள்ளே எல்லாம் 'மாற்று'. ரா. சொன்ன விரல் சோதனையை அடிக்குறிப்பாகச் சேர்க்கப் பதிப்பாளர் ஒப்புக்கொண்டார். கொசுவத்தாளை அவர் அடித்துவிட்டார், செ. மன்னிக்க வேண்டும்.
— ம.

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. என் கட்டுரைகளில் 'காற்றரி' தொடரும். 'அரி' பற்றிய குறிப்பை யாரும் கேட்கவில்லை என்றாலும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.
— புலவர்

ஐயா, இணைப்பைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி குறியீட்டில் தட்டச்சு செய்ததா?
— தொழிற்பயிற்சி ஆசிரியர்