கொல்லிமலைக்கு இரண்டு சிறிய வண்டிகளில் போகலாமா?

கேள்வி: மன்னார்குடி வண்டிக்காரன்

வணக்கம். சம்பா அறுவடை முடிந்ததும், மாசி மாதத்தில், நானும் என் நண்பனும் ஆளுக்கொரு வண்டியில் கொல்லிமலைக்குப் போய் ஓர் இரவு தங்கி வரலாம் என்று எண்ணியிருக்கிறோம். என்னுடையது 125 சிசி வண்டி. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உண்டு. அவனுடையது ஒன்பது வருடம் உழைத்த 100 சிசி வண்டி. இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். இருவருமே நீண்ட நாள் வண்டி ஓட்டியவர்கள் என்றாலும், எங்கள் பக்கத்தில் மேடு என்று சொல்லிக்கொள்ள ரயில்வே மேம்பாலத்தையும் ஆற்றுப்பாலத்தையும் விட்டால் வேறொன்றும் இல்லை என்பதால், 70 கொண்டை ஊசி வளைவுகள் என்று கேள்விப்பட்டதிலிருந்து சற்றுக் கலக்கமாக இருக்கிறது. அவனுடைய வண்டி மலை ஏறுமா? அல்லது இருவரும் என் வண்டியிலேயே போய்விடுவது நல்லதா?

மறுமொழி: ஐயாற்றங்கரை

தம்பி, தாராளமாக ஏறும். மலைவாசிகள் அதே 100 சிசி வண்டியில் பின்னால் மிளகு மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் வருகிறார்கள். ஆளுக்கொரு வண்டியில் போவதே நல்லது. ஒரே வண்டியில் இருவரும் பையும் ஏறினால், ஏறும்போது இன்ஜினுக்கும் இறங்கும்போது பிரேக்குக்கும் சுமை கூடிவிடும்.

நீங்கள் ஏற்றத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் மாட்டிக்கொண்டது இறக்கத்தில். சில வருடங்களுக்கு முன் நானும் என் மைத்துனரும் போயிருந்தபோது, நம் ஊர்ப் பழக்கத்தில் நான்காவது கியரிலேயே வண்டியை விட்டு, பின் பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலேயே இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலை இறங்குவதற்குள் கருகல் வாடை வந்தது. எதிரே வந்த வேனில் ஏதோ எரிகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வளைவில் பெடலை மிதித்தால் அது அடி வரை போய்விட்டது, வண்டி நிற்கவில்லை. கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, மலையோரத்து மண்ணில் சக்கரத்தை ஏற்றித்தான் நிறுத்தினேன். டிரம் சூடேறி விரியும்போது அதற்கும், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவுக்கும் இடைவெளி கூடிவிடுவதோடு, சூடேறிய ஷூவின் பிடிமானமும் குறைந்துவிடும் என்பதைப் பிறகுதான் மெக்கானிக் விளக்கினார். மைத்துனர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் ஊற்றப் போனார், நல்லவேளையாகத் தடுத்துவிட்டேன். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடக்கூடும். அரை மணி நேரம் குரங்குகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தபின் பெடல் பழைய நிலைக்கு வந்தது.

ஆகவே எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில், பெரும்பாலும் இரண்டாவதில், இறங்குங்கள். கிளட்சைப் பிடித்தபடியோ நியூட்ரலிலோ உருட்டக் கூடாது. பிரேக்கை வளைவுக்கு முன்பாக இரண்டையும் சேர்த்து அழுத்தி, வேகம் குறைந்ததும் முழுவதுமாக விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் அது ஆறும்.

மறுமொழி: குடந்தை டிகிரி

பெட்ரோல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு என்பதால் இதைச் சேர்த்துச் சொல்கிறேன். எஃப்ஐ வண்டியாக, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் மின்னணு முறையில் பெட்ரோல் செலுத்தும் வண்டியாக இருந்தால், கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது பெட்ரோல் செலுத்துவதை அதுவே பெரும்பாலும் நிறுத்திவிடும். அணைப்பதால் கிடைக்கப் போவது ஒன்றுமில்லை, இறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிக்கும் இன்ஜினின் பிடிப்பு போவதுதான் மிச்சம்.

ஏறும்போது வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி வளைவில் மாற்றப் போனால் வண்டி திணறி நின்றுவிடும். இடப்பக்க வளைவுகளின் உள்விளிம்பு மிகவும் செங்குத்தாக இருக்கும் என்பதால், நம் பாதிச் சாலைக்குள்ளேயே சற்று வெளியே தள்ளித் திரும்ப வேண்டும். பேருந்து திரும்புவதற்கு வளைவு முழுவதும் தேவைப்படும். அதைக் கண்டால் வளைவுக்கு வெளியே நின்றுவிடுங்கள். குறுகலான இடத்தில் மேலே ஏறும் வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது விதி. நடைமுறையில் எல்லாரும் அதை மதிப்பதில்லை.

மறுமொழி: ஐயாற்றங்கரை

வழியையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர், திருச்சி, முசிறி, தொட்டியம், நாமக்கல், சேந்தமங்கலம், பிறகு அடிவாரமான காரவள்ளி. முசிறிப் பக்கம் காவிரியின் வடகரையில் போகும் சாலை உங்களுக்குச் சொந்த ஊரில் ஓட்டுவது போலவே இருக்கும். நாமக்கல்லிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டியிருக்கும். ஓட்டிக் களைத்த கால்களோடு அன்றைக்கே இறங்காமல், மறுநாள் காலையில் அறப்பளீசுவரரைக் கும்பிட்டுவிட்டு இறங்குங்கள். அந்த அருவி விழும் ஆற்றின் பெயரும் ஐயாறுதான். எங்கள் திருவையாற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும், பெயரைக் கேட்டதும் எனக்கு ஓர் உரிமை வந்துவிட்டது.

ஆடி 18-ஐ ஒட்டி மட்டும் போக வேண்டாம். நாம் ஆற்றங்கரையில் சித்ரான்னம் சாப்பிடும் அதே நாள்களில் அங்கே வல்வில் ஓரி விழா நடக்கும். வண்டி நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.

மறுமொழி: துறையூர் சாலை

முதல் முறையே 70 வளைவுகள் எதற்கு என்பது என் கருத்து. திருச்சி மாவட்டத்திலேயே துறையூருக்குப் பக்கத்தில் பச்சைமலை இருக்கிறது. ஒரு நாள் அங்கே ஓட்டிக் கைப்பழக்கம் செய்துகொண்டு பிறகு கொல்லிமலைக்குப் போகலாம். இன்னொன்று, அறுவடை சமயத்தில் நீங்கள் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால், மலையைவிட நம் ஊர்ச் சாலைகளே ஆபத்து. காயப்போட்ட நெல்லைச் சுற்றி வைத்த கற்கள் இருட்டில் தெரியாது. பனியில் நனைந்த வைக்கோலில் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். தஞ்சாவூர் தாண்டும் வரை நிதானமாகப் போங்கள்.

மறுமொழி: மன்னார்குடி வண்டிக்காரன்

அனைவருக்கும் நன்றி. நண்பனின் வண்டியைப் பிரித்துப் பார்த்ததில் பின் பிரேக் ஷூ தேய்ந்து போயிருந்தது. முன்னும் பின்னும் புதிதாக மாற்றிவிட்டோம். நேற்று மாலை மேம்பாலத்தில் இரண்டாவது கியரில், பிரேக்கைத் தொடாமல், ஏழெட்டு முறை இறங்கிப் பார்த்தோம். பின்னால் வந்த டிராக்டர்காரர் வண்டியில் ஏதாவது கோளாறா என்று நின்று விசாரித்துவிட்டுப் போனார். பச்சைமலைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.